வண்டிக் காப்புறுதி: கட்டணம் உயர்ந்த வரலாறு

"வண்டிக்கு வயது ஏறுகின்றது, அதன் மதிப்போ இறங்குகின்றது. ஆண்டு முழுவதும் விபத்து ஒன்றும் நேரவில்லை. அவ்வாறிருக்கக் காப்புறுதிக் கட்டணம் மட்டும் உயர்வது எங்ஙனம்?" பேராக் மாநிலத்தில் சாலை வரி புதுப்பிக்கும் காலம் வந்துற்றால் இவ்வினா எழாத இல்லம் அரிது. ஈப்போவின் முகவர் கடைகளிலும், சுங்கை சிப்புட், பத்து காஜா, தெலுக் இந்தான் முதலிய ஊர்களின் தேநீர்க் கடைகளிலும் இதே பேச்சுத்தான். கேட்போர் பலர், வரலாற்றைப் புரட்டி விடை தேடுவோர் சிலரே.

இது செல்வரின் பொழுதுபோக்கான குறையன்று. இரப்பர்த் தோட்டங்கள் தழைத்திருந்த நாளில் தொழிலாளிக்கு வண்டி வேண்டியதில்லை. லயத்தின் வாயிலிலிருந்து நடக்கும் தொலைவில் வேலைக்காடு இருந்தது. பள்ளியும் கோயிலும் மருந்தகமும் அருகிலேயே இருந்தன. ஐம்பது அறுபதுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. எஞ்சியவற்றுட் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடந்தந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் ஈப்போவின் தாசேக், மெங்லெம்பு போன்ற தொழிற்பேட்டைகளில் வேலை தேடினர். பேருந்து வாராத ஊரிலிருந்து இரவுமுறை வேலைக்குச் செல்வோனுக்கு மோட்டார் சைக்கிளோ, பழைய கார் ஒன்றோ இல்லையெனின் வேலையே இல்லை. ஆகவே, வண்டிக் காப்புறுதிக் கட்டணம் இன்று அரிசி விலைபோல் குடும்பச் செலவில் தவிர்க்கவொண்ணாத ஒன்றாகிவிட்டது. அதன் வரலாற்றை அறிதல் அறிஞர்க்கு மட்டுமன்றி அன்றாடங் காய்ச்சிக்கும் பயன் தருவதாம்.

கூடிச் சுமக்கும் வழக்கம்

காப்புறுதி என்னும் சொல் புதிது, கொள்கை பழமையானது. பலர் சிறிது சிறிதாகப் பணம் சேர்த்து வைத்து, தம்முள் எவர்க்கு இடர் நேர்கின்றதோ அவர்க்கு அதனை அளித்தலே அதன் உட்பொருள். தோட்டங்களில் நிலவிய மரண சகாய நிதி இக்கொள்கையின் தூய வடிவமாகும். ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் எல்லா வீட்டாரின் காசும் அவ்வீட்டுக்குச் சென்றது. யார் வீட்டில் எப்பொழுது என்பது எவர்க்கும் தெரியாது. ஆதலின் எல்லாரும் செலுத்தினர்.

தமிழர் இந்நாட்டுக்குக் கொணர்ந்த சீட்டு முறைக்கும் இதில் பங்குண்டு. 'கூட்டு' என்னும் அத்தமிழ்ச் சொல் மலேசியச் சட்டத்தின் பெயரிலேயே இடம்பெற்றுள்ளது. அதிலும் ஒரு முரண் உண்டு. ஏமாற்றுகள் பெருகியமையால் அம்முறையைத் தடை செய்யவே 1971-ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் பிறந்தது. கூட்டுறவு நெறியோ செழித்தது. 1954-இல் மலாயாக் கூட்டுறவுக் காப்புறுதிச் சங்கம் தோன்றியது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்த பணத்தைக் கொண்டு தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. தனியொருவனால் இயலாததைப் பலர் கூடி இயற்றலாம் என்பதை நம் மக்கள் ஏட்டில் படித்து அறிந்தாரல்லர். செய்து கண்டவர் ஆவர்.

இக்கூட்டு நிதிக்கு ஒரு விதி உண்டு. உள்ளே வரும் பணம், வெளியே செல்லும் பணத்துக்கு ஈடாதல் வேண்டும். ஈடாகாவிடின் நிதி கரையும். அல்லது எவரேனும் ஒருவருடைய பங்கு குறையும். மூன்றாவது வழி கிடையாது. வண்டிக் காப்புறுதியின் வரலாறு முழுவதும் இவ்விதியைச் சுற்றியே சுழல்கின்றது.

கட்டாயம் யார்பொருட்டு?

மரண சகாய நிதியில் சேர்வது ஊர்வழக்கு. வண்டிக் காப்புறுதியில் சேர்வதோ சட்டத்தின் கட்டளை. ஏன் இவ்வேறுபாடு? பிரிட்டனில் மோட்டார் வண்டிகள் பெருகிய காலத்தில், மோதியவனிடம் பணம் இல்லாமையால் மோதுண்டவன் நீதிமன்றத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு பசித்திருந்த கொடுமை நிகழ்ந்தது. அதனைப் போக்க 1930-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், வண்டியோட்டுவோர் அனைவரும் மூன்றாம் தரப்பினர்க்கான காப்புறுதியை எடுத்தே ஆகவேண்டும் என விதித்தது. இந்தியாவில் 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம் இக்கடமையைக் கூறிற்று. அப்பகுதி 1946-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. மலாயாக் கூட்டரசில் 1958-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இக்கடமையை வகுத்துரைத்தது. அதன் இடத்தில் இன்று நிற்பது 1987-ஆம் ஆண்டின் சட்டம்.

இங்கு 'மூன்றாம் தரப்பினர்' என்போர் யாவர்? காப்புறுதி எடுத்தவர் முதல் தரப்பு. நிறுவனம் இரண்டாம் தரப்பு. சாலையில் நடந்து சென்ற வழிப்போக்கரும், எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரரும் மூன்றாம் தரப்பு. எனவே, சட்டம் கட்டாயப்படுத்துவது உரிமையாளரின் வண்டியைக் காப்பதற்கன்று. அவரால் ஊறுபட நேரும் அயலாரைக் காப்பதற்கே. இவ்வுண்மையை மறந்தே பலர் காப்புறுதியைச் சாலை வரியோடு சேர்ந்த இன்னொரு வரியெனக் கருதுகின்றனர்.

காப்புறுதி எடுக்காமலே ஓட்டுவோர் எக்காலத்தும் உளர். அவர்களால் ஊறுபட்டோர்க்கென 1946-இல் பிரிட்டனில் மோட்டார்க் காப்புறுதியாளர் பணிமனை அமைந்தது. மேற்கு மலேசியாவிலும் 1968-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழி அத்தகைய பணிமனை செயற்படலாயிற்று.

இச்சட்டத்தில் ஓர் இடைவெளியும் இருந்தது. வண்டியில் இலவசமாக ஏறிச் செல்வோர்க்கு நேரும் ஊறு, கட்டாயக் காப்பில் அடங்காது. வாடகை கொடுத்துச் செல்வோரும், வேலை ஒப்பந்தத்தின்பேரில் ஏற்றிச் செல்லப்படுவோருமே அதற்கு விலக்கு. லாரியின் பின்தட்டில் நின்றுகொண்டு காட்டுக்குப் போன தோட்டத் தொழிலாளர்க்கு இவ்விலக்கு எத்துணை இன்றியமையாதது! ஆனால், திருமண வீட்டுக்கோ திருவிழாவுக்கோ அதே லாரியில் சென்றவர்க்கு அப்பாதுகாப்பு இல்லை. இன்றும் உறவினரையும் நண்பரையும் காரில் ஏற்றிச் செல்வோர், பயணிகளுக்கான பொறுப்பைத் தனிக்கட்டணம் செலுத்திச் சேர்த்துக்கொள்வதே அறிவுடைமை.

முப்பத்து நான்கு ஆண்டு உறக்கம்

அறுபதுகளின் தொடக்கத்தில் மலாயா ஒரு பாடம் கற்றது. உறுதியற்ற ஆயுள் காப்புறுதி நிறுவனங்கள் பல தோன்றி மக்களின் பணத்தை வாங்கிக்கொண்டு, கொடுத்த வாக்கைக் காக்க இயலாது நின்றன. அவற்றைக் கலைக்க 1962-இல் ஒரு சட்டமும், காப்புறுதித் தொழிலை ஒழுங்குபடுத்த 1963-இல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. மலிவான வாக்கு மலிவானதன்று என்பதே அப்பாடம். 1988-இல் இம்மேற்பார்வைப் பொறுப்பு மத்திய வங்கியாகிய பேங்க் நெகாராவின் கைக்கு வந்தது.

வண்டிக் காப்புறுதிக்கு நிறுவனங்கள் தம் விருப்பப்படி விலை கூறும் உரிமை அந்நாளில் இல்லை. 'டாரிப்' எனப்பட்ட ஒரே கட்டண அட்டவணை எல்லாரையும் கட்டுப்படுத்தியது. 1978-இல் அமைந்த அவ்வட்டவணை, 2012 வரை முப்பத்து நான்கு ஆண்டுகள் பெரிதும் மாறாமலே கிடந்தது. அக்கால இடைவெளியில் நாடு மாறிய மாற்றத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1985-இல் புரோட்டோன் சாகா சாலைக்கு வந்தது. 1994-இல் பெரோடுவாவின் கஞ்சில் வந்தது; வடக்குத் தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றதும் அவ்வாண்டிலேயே. 2003-இல் பேராக்கின் தஞ்சோங் மாலிமில் புரோட்டோனின் புதிய தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. நடந்து சென்றவர் சைக்கிளுக்கும், சைக்கிளில் சென்றவர் மோட்டார் சைக்கிளுக்கும், மோட்டார் சைக்கிளில் சென்றவர் காருக்கும் மாறினர். உதிரிப் பாகங்களின் விலையும், பட்டறைக் கூலியும், மருத்துவச் செலவும், நீதிமன்றங்கள் வழங்கிய இழப்பீடும் ஏறிக்கொண்டேயிருந்தன. 2012-இல் நாட்டின் சாலைகளில் மாண்டோர் 6,917 பேர். 2016-இல் 7,152 பேர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றோரே.

வெளியே செல்லும் பணம் பெருகியது. உள்ளே வரும் பணமோ பழைய அட்டவணையில் நின்றது. கூட்டு நிதியின் விதி இங்கே என்னாயிற்று? விதி பொய்க்கவில்லை. வேறு வாயில்களின் வழியாக அது தன் கடனை வசூலித்துக்கொண்டது.

முதல் வாயில், இழப்பீடு. 1956-ஆம் ஆண்டின் குடிமைச் சட்டத்துக்கு 1984-இல் செய்யப்பட்ட திருத்தம், விபத்தில் சிக்கியோர் கோரக்கூடிய தொகையைக் குறுக்கியது. விபத்துக்கு முன் சொந்த உழைப்பால் வருவாய் ஈட்டியவரே எதிர்கால வருவாய் இழப்பைக் கோரலாம். 55 வயது எய்தியவர் கோரல் ஆகாது. 30 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்க்கு 16 ஆண்டுகளின் கணக்கே பொருந்தும் என அது வரையறுத்தது. இதன் பொருள் யாது? சாலையில் அடிபட்டு வாழ்நாள் முழுதும் முடமான பள்ளிச் சிறுவன், இன்னும் சம்பாதிக்காத காரணத்தால், நாளைய வருவாய்க்கென ஒன்றும் பெறுதற்கில்லை. கணவனை இழந்தவளின் துயருக்கு விதிக்கப்பட்ட தொகை 10,000 வெள்ளி. 2019-இல் வந்த திருத்தமே இத்தொகையை 30,000 வெள்ளியாக்கி, வயது வரம்பையும் 60-ஆக உயர்த்தியது.

இரண்டாம் வாயில், மறுப்பு. இழப்புத் தரும் வண்டிகளை ஏற்க நிறுவனங்கள் தயங்கின. லாரி, பேருந்து, டாக்சி, முதிய கார், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றின் உரிமையாளர் கடை கடையாக ஏறி இறங்கினர். சட்டம் 'காப்புறுதி எடு' என்றது. நிறுவனமோ 'தாரேன்' என்றது. இம்முரண்பாட்டைத் தீர்க்க 1992-இல் மலேசிய மோட்டார்க் காப்புறுதிக் கூட்டமைப்பு நிறுவப்பட்டது. எங்கும் இடம் கிட்டாத வண்டிக்கு அது இடம் தந்தது; ஆயின், கூடுதல் கட்டணத்தோடு தந்தது. பழைய வண்டியை விட்டால் வேறு வழியில்லாதவர் யார்? புது வண்டி வாங்க வசதியற்றவரே. அட்டவணையில் குறைவாக நின்ற கட்டணம் அவருக்குக் குறைவாகக் கிட்டவில்லை.

ஆகவே, உறங்கிய அந்த முப்பத்து நான்கு ஆண்டுகளைப் பொற்காலம் எனப் புகழ்வது பொருந்தாது. கட்டணம் குறைந்திருந்தது, விலை குறைந்திருக்கவில்லை. அவ்விலையின் ஒரு பகுதியை ஊறுபட்டோரும், காப்புறுதிக்கு அலைந்தோரும் சுமந்தனர்.

உயர்வும் திறப்பும்

2010-ஆம் ஆண்டையொட்டி இச்சிக்கல் வெளிப்படையாக வெடித்தது. விபத்தில் ஊறுபட்டோர்க்குரிய இழப்பீட்டை வரம்புக்குட்படுத்தும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டபோது, வழக்கறிஞர் மன்றம் அதனை வன்மையாக எதிர்த்தது. ஊறுபட்டவரின் உரிமையைக் குறைப்பதா, ஓட்டுவோரின் கட்டணத்தைக் கூட்டுவதா என்னும் வினா மக்கள்முன் நின்றது. முடிவில் இரண்டாம் வழியே தெரிவு செய்யப்பட்டது. 2012 ஜனவரியில் புதிய மோட்டார்க் காப்புத் திட்டம் நடப்புக்கு வந்தது. கட்டணங்கள் ஒரே அடியில் ஏறாது ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டன. ஓட்டுவோர் முணுமுணுத்தனர், அது இயல்பே. எனினும், அவ்வுயர்வு ஊறுபட்டோரின் இழப்பீட்டைக் காத்தது என்பதையும் எடைத்தட்டில் வைத்தல் நேர்மையாகும்.

அடுத்த மாற்றம் இன்னும் பெரிது. 2016 ஜூலை முதல் புதுவகைக் காப்புகளுக்கு இசைவு அளிக்கப்பட்டது. 2017 ஜூலை முதல் நாளன்று முழுக் காப்புறுதிக்கும், மூன்றாம் தரப்போடு தீ, திருட்டு ஆகியவற்றைச் சேர்த்த காப்புறுதிக்கும் அட்டவணைக் கட்டு தளர்த்தப்பட்டது. மூன்றாம் தரப்புக் காப்பு மட்டும் அட்டவணைக்குள்ளேயே நிறுத்தப்பட்டது. அதுவரை வண்டியின் எஞ்சின் அளவும் மதிப்புமே பெரிதும் நோக்கப்பட்டன. அதன் பின்னரோ ஓட்டுவோரின் வயது, முன்னைய விபத்துகள், வண்டியின் வயது, அவ்வகை வண்டி களவு போகும் அளவு, வாழும் இடம், பாதுகாப்புக் கருவிகள் என்பனவெல்லாம் கணக்கில் ஏறின. ஒரே தெருவில் ஒரே வகைக் காரை வைத்திருக்கும் இருவர் வெவ்வேறு கட்டணம் செலுத்துதல் இதனாலேயே.

இம்மாற்றத்தில் நன்மையும் உண்டு, அச்சமும் உண்டு. கவனமாக ஓட்டுவோன், கவனமற்றவனுக்காகச் செலுத்தும் நிலை குறைவது நன்மை. ஆனால், ஒவ்வொருவரின் இடரையும் நுணுகி நுணுகிப் பிரித்துக்கொண்டே சென்றால் கூட்டு என்பதே சிதறிவிடும். நோயாளியின் வீட்டை மட்டும் தனியே கணக்கிட்டு மிகுதியாக வசூலிக்கும் மரண சகாய நிதியைத் தோட்டத்து மக்கள் ஏற்றிருப்பாரா?

கணக்கு ஒன்று

கொள்கையைக் கூறிய பின் கணக்கையும் காட்டுதல் வேண்டும். 2017-க்கு முன் இருந்த அட்டவணைப்படி, தீபகற்பத்தில் 1,400 சிசி வரையுள்ள காரின் முழுக் காப்புறுதிக்கு முதல் ஆயிரம் வெள்ளி மதிப்புக்கு 273 வெள்ளி 80 காசு. அடுத்த ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 26 வெள்ளி. ஆகவே, 20,000 வெள்ளி மதிப்புள்ள காருக்கு ஈப்போவில் அடிப்படைக் கட்டணம் 767 வெள்ளி 80 காசு. சபா, சரவாக்கில் அதே காருக்கு 581 வெள்ளி 90 காசுதான். இடத்துக்கு ஏற்ப இடர் மாறும் என்னும் கருத்து பழைய அட்டவணையிலும் இருந்தது என்பதற்கு இது சான்று.

இனி, கோரிக்கை செய்யாதோர்க்கு வழங்கும் தள்ளுபடியைக் காண்போம். மக்கள் இதனை 'என்.சி.டி.' என்பர். தனியார் காருக்கு ஆண்டுதோறும் 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு என அது ஏறும். 55 விழுக்காடு பெற்றவர் 767 வெள்ளி 80 காசுக்குப் பதில் 345 வெள்ளி 51 காசு செலுத்தினால் போதும். அவர் தம் தவற்றால் நேர்ந்த சிறு சேதத்துக்கு நிறுவனத்திடம் பணம் கோரினால் தள்ளுபடி முழுவதும் போய்விடும். மீண்டும் அப்படியை எட்ட ஐந்தாண்டு ஆகும். வேறு மாற்றம் ஒன்றும் இல்லையெனக் கொண்டால், அவ்வைந்து ஆண்டுகளில் அவர் கூடுதலாகச் செலுத்துவது ஏறத்தாழ 1,049 வெள்ளி. ஆகவே, 700, 800 வெள்ளியில் முடியும் பட்டறைச் செலவைக் கைப்பணத்தில் தீர்த்துக்கொள்வதே இலாபம். விபத்து நேர்ந்தால் காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்யும் கடமை மட்டும் இதனால் நீங்காது. பிறர் தவற்றால் சேதமுற்றவரோ தம் தள்ளுபடியை இழக்காமலே இழப்பை மீட்க வழியுண்டு. அதனைக் கேட்டறிந்து செய்தல் வேண்டும்.

கட்டணத்தைக் குறைக்கச் சிலர் வண்டியின் மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்வர். இது தன் கையால் தன் கண்ணைக் குத்திக்கொள்வதை ஒக்கும். 20,000 வெள்ளிக் காரை 15,000 வெள்ளிக்கு மட்டும் காப்புறுதி செய்தவர், 4,000 வெள்ளிச் சேதத்துக்கு 3,000 வெள்ளியே பெறுவார். எஞ்சிய கால் பங்கு அவர் தலையில் விழும். முன்னைய விபத்தை மறைத்தலும், அன்றாடம் ஓட்டும் மகனின் பெயரை விட்டுவிடுதலும் அத்தகையனவே. சேமித்த சில வெள்ளி, தேவைப்படும் நாளில் பல்லாயிரமாகத் திரும்பிக் கடிக்கும்.

எல்லாவற்றினும் கொடியது காப்புறுதியைக் கைவிட்டு ஓட்டுதல். தண்டமும் சிறையும் ஒருபுறம் இருக்க, அவ்வண்டியால் ஒருவர் கால் இழந்தால் தீர்ப்புத் தொகை முழுவதும் ஓட்டியவன்மேல் வந்து நிற்கும். பெரும்பாலும் அவன் மோதுவது தன்னைப்போன்ற தொழிலாளியைத்தான். ஏழையொருவன் மிச்சப்படுத்திய கட்டணத்துக்கு மற்றோர் ஏழையின் குடும்பம் ஈடு செலுத்த நேரும். முழுக் காப்புறுதிக்கு வசதியில்லாத முதிய வண்டிக்கு, அட்டவணைக் கட்டணத்திலேயே கிடைக்கும் மூன்றாம் தரப்புக் காப்பு உண்டு. அதுவே சட்டத்தின் உயிர்நாடியும் ஆகும்.

செய்யத்தக்கவை

வரலாறு காட்டும் முடிவு தெளிவானது. விபத்தின் விலையைக் கட்டண அட்டவணையால் அழிக்க முடியாது. ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்கு மாற்றத்தான் முடியும். கட்டணத்தை உறைய வைத்த காலத்தில் அது ஊறுபட்டோரின் தோளில் ஏறிற்று. கட்டணத்தைத் திறந்துவிட்ட காலத்தில் அது முதிய வண்டியும் இளைய வயதும் உடையோரின் தோளை நாடுகின்றது. எத்தோளில் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது வணிகக் கணக்கு மட்டுமன்று, நீதியின் கணக்குமாம். ஆதலால், மூன்றாம் தரப்புக் காப்பேனும் எளியோர்க்கு எட்டும் விலையில், மறுக்கப்படாமல் கிட்டுதல் வேண்டும் என வற்புறுத்துவது பொதுமக்களின் உரிமை.

சுமையை மாற்றுவதினும் குறைப்பது மேல். 2016-இல் 7,152-ஆக இருந்த சாலைச் சாவு 2019-இல் 6,167-ஆகக் குறைந்தது. அதுவும் பெருந்தொகையே, எனினும், குறைக்க இயலும் என்பதற்கு அது சான்று. தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக் கட்டுதல், தோட்டப் பாதையிலிருந்து பெருஞ்சாலையில் ஏறுமிடத்தில் நின்று பார்த்தல், தேய்ந்த டயரைக் காலத்தே மாற்றுதல், உரிமம் பெறாத சிறுவனிடம் சாவியைக் கொடாதிருத்தல் ஆகியன காப்புறுதிக்குப் புறம்பானவை போலத் தோன்றும். ஆராய்ந்தால், கூட்டு நிதியிலிருந்து வெளியே செல்லும் பணத்தைக் குறைப்பவை இவையே. ஆதலால், கட்டணத்தை உண்மையாகவே குறைக்கவல்லவையும் இவையே.

மாதம் 10 வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கிய மக்களுக்குக் கூட்டின் இலக்கணத்தை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அக்கூட்டு இன்று சாலையில் நடைபெறுகின்றது. எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரனும் அதில் ஒரு பங்காளி என்னும் நினைவோடு வண்டியைச் செலுத்துவோமாக.